ஊசி போட்டும் மறுபடி தொற்று வந்தால், அந்த 95 சதவீதம் என்ன ஆயிற்று?

வாசகர் கடிதம்: "எனக்கு வயது 52. வேறு நோய் எதுவும் இல்லை. கொரோனா தடுப்பூசி இரண்டு தவணையும், பிறகு பூஸ்டரும் போட்டுக்கொண்டவள். அப்படியிருந்தும் இருமுறை தொற்று வந்தது. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே 14 மாதங்கள். இரண்டாவது வந்தது பூஸ்டர் போட்டு ஏழு மாதம் கழித்து. ஊசியே போடாத என் கொழுந்தனுக்கு ஒருமுறைதான் வந்தது. அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருக்கிறார். முதலில் 95 சதவீதம் பாதுகாப்பு என்றார்கள், பிறகு ஓர் ஆய்வில் 9 சதவீதம் என்று வந்தது, எதை நம்புவது? மறுதொற்று வந்தவர்களுக்கு மரண அபாயம் இரண்டு மடங்கு என்று படித்த நாளிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. அம்மாவுக்கு 76 வயது, சர்க்கரை நோய் உண்டு. அவருக்கு மறுபடி ஊசி போடலாமா? அல்லது ஆன்டிபாடி பரிசோதனை செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு சதவீதங்களும் மெய்யானவை. நல்ல ஆய்வுகளிலிருந்து வந்தவை. அவை ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம், இரண்டையும் தடுப்பூசிக்கே உரிய ஒரு குணமாக, குப்பியின்மேல் ஒட்டிய அளவுபோல நாம் வாசிப்பதுதான். தடுப்பூசியின் செயல்திறன் என்று ஆய்வுத் துறையினராகிய நாங்கள் எழுதும் எண் எப்போதும் இரு குழுக்களை ஒப்பிட்டுப் பெற்ற எண். யாரை யாரோடு, எந்தக் காலத்தில், எதைக் கணக்கிட்டு ஒப்பிட்டார்கள் என்பது மாறினால் எண்ணும் மாறும்.

முதலில் 95-ஐ எடுத்துக்கொள்வோம். இது ஃபைசர்–பயோஎன்டெக் தடுப்பூசியின் பெரிய பரிசோதனையில், 2020 டிசம்பரில் வெளியான முடிவு. ஏறத்தாழ 43,000 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. போட்டுக்கொண்டவருக்கும் அது தெரியாது. இரண்டாம் தவணைக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு அறிகுறிகளோடு கோவிட்-19 வந்தவர்களை எண்ணிப் பார்த்தபோது, உப்புநீர்க் குழுவில் 162 பேர், தடுப்பூசிக் குழுவில் 8 பேர். குழுக்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் 162-க்கு 8 என்பது சுமார் 5 சதவீதம். மீதி 95 சதவீத நோய் தடுக்கப்பட்டது என்பதே அந்த எண்ணின் பொருள்.

இதில் கவனிக்கவேண்டியவை சில உண்டு. ஊசி போட்ட 100 பேரில் 95 பேருக்குத் தொற்றே வராது என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. உப்புநீர்க் குழுவிலேயே 21,000-க்கும் மேற்பட்டோரில் 162 பேருக்குத்தான், அதாவது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான், அந்தக் குறுகிய காலத்தில் நோய் வந்தது. எண்ணப்பட்டது அறிகுறியோடு கூடிய நோய். அறிகுறி இல்லாமல் வந்துபோன தொற்று அந்தக் கணக்கில் சேரவில்லை. கண்காணித்த காலம் இரண்டாம் தவணைக்குப் பின் சராசரியாக இரண்டு மாத அளவு. பரவிக்கொண்டிருந்ததோ 2020-ஆம் ஆண்டின் வைரஸ். ஒப்பிடப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதுவரை இந்த வைரஸையே கண்டிராதவர்கள். இத்தனை நிபந்தனைகளையும் உதிர்த்துவிட்டு "95 சதவீதம் பாதுகாப்பு" என்ற இரண்டு சொற்களை மட்டும் ஊரெங்கும் பரப்பியதில் எங்கள் துறையினருக்கும் பங்கு உண்டு என்பதே என் எண்ணம்.

இனி அந்த 9. நீங்கள் படித்தது, வைரஸின் மாறிய வடிவமான ஒமைக்ரான் திரிபு பரவத் தொடங்கியபோது இங்கிலாந்தில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வாக இருக்கவேண்டும். அதே ஃபைசர் ஊசியின் இரண்டு தவணை போட்டவர்களிடம், அறிகுறியுள்ள ஒமைக்ரான் நோய்க்கு எதிராக, இரண்டு முதல் நான்கு வாரத்தில் 65.5 சதவீதமாக இருந்த பாதுகாப்பு, 25 வாரங்களைக் கடந்தபோது 8.8 சதவீதமாகக் குறைந்தது. பூஸ்டராக அதே ஊசியைப் போட்டபின் அது 67.2 சதவீதத்துக்கு ஏறி, 10 வாரங்களுக்குமேல் 45.7 சதவீதத்துக்கு இறங்கியது. வைரஸ் வேறு, கடந்த காலம் வேறு என்பதைப் பார்த்தாலே 95-உம் 8.8-உம் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத்தகாதவை என்பது விளங்கும். மருத்துவமனையில் சேரும் அளவுக்கான கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு இதைவிட மிக உயரத்தில் நின்றது. இறங்கியபோதும் மெதுவாகவே இறங்கியது.

இந்த இடைவெளிக்கு உடலியல் காரணம் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொண்டால் உங்கள் இரண்டாம் தொற்றும் புதிராகத் தோன்றாது. மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க, அந்தக் கணத்திலேயே அங்கே போதிய ஆன்டிபாடிகள் (வைரஸைப் பிடித்துத் தடுக்கும் புரதங்கள்) இருந்தாகவேண்டும். தசையில் போடும் ஊசி ரத்தத்தில் நிறைய ஆன்டிபாடிகளை உண்டாக்குகிறது; சளிச்சவ்வின் பரப்பில் அதில் கொஞ்சமே வந்து சேர்கிறது, அதுவும் சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. வைரஸை நினைவில் வைத்திருக்கும் எதிர்ப்பு அணுக்களான நினைவணுக்கள் நீண்ட காலம் இருக்கின்றன என்றாலும், அவை விழித்துப் பெருகிப் புதிய ஆன்டிபாடிகளைச் சுரக்கச் சில நாட்கள் ஆகும். ஒமைக்ரான் தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்ற ஏறத்தாழ மூன்று நாட்களே ஆகின்றன. அந்தப் பந்தயத்தில் வைரஸ்தான் முந்துகிறது. காய்ச்சல், தொண்டைவலி வந்துவிடுகின்றன. ஆனால் நுரையீரல் பாதிக்கப்பட்டு மூச்சு திணறும் நிலை பெரும்பாலும் ஒரு வாரம் அல்லது அதற்குமேல் கழித்தே வருவது. அதற்குள் நினைவணுக்கள் களத்துக்கு வந்துவிடுகின்றன. மேலும், ஒமைக்ரானின் கூர்ப்புரதத்தில், அதாவது வைரஸ் நம் செல்லில் ஒட்டிக்கொள்ள உதவும் வெளிப்புற முள்ளில், முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்ததால் பழைய ஆன்டிபாடிகள் பல அதில் சரியாக ஒட்டவில்லை. டி செல்கள் எனும் எதிர்ப்பு அணுக்கள் அப்புரதத்தின் வெவ்வேறு துண்டுகளை அடையாளம் காண்பவை, அவற்றில் பெரும்பகுதி மாறாமல் இருந்ததால் அவற்றின் வேலை அவ்வளவாகக் கெடவில்லை. ஏழு மாதத்துக்கு முந்தைய பூஸ்டர் உங்களுக்குத் தொற்றைத் தடுக்கவில்லை, ஆனால் நீங்கள் வீட்டிலேயே இருந்து குணமானீர்கள் என்றால், ஆய்வுகள் எதைக் காட்டுகின்றனவோ அதுவே உங்களிடமும் நடந்திருக்கிறது. தனியொருவருடைய குணமடைதலை வைத்து "ஊசியால்தான்" என்று அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் கொழுந்தன் சொல்வதற்கும் அதே விதி பொருந்தும்.

அவர் சொல்வதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் அது வெறும் வீட்டுச் சண்டையாக முடிகிற விஷயமில்லை. ஆய்வாளர்களையே தடுமாறவைக்கும் கேள்வி அதற்குள் இருக்கிறது. அவருக்கு ஒருமுறைதான் வந்தது என்பதைவிட, ஒருமுறைதான் தெரியவந்தது என்பதே நம்மிடம் உள்ள செய்தி. அறிகுறியே இல்லாமல், அல்லது சாதாரணச் சளியென்று நினைக்கும்படி வந்துபோன தொற்றுகள் ஏராளம். பொதுவாக, ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறவர்களே லேசான காய்ச்சலுக்கும் போய்ப் பரிசோதித்துக்கொள்கிறவர்களாகவும் இருக்கிறார்கள். அப்படியானால் பதிவேட்டில் ஊசி போட்டவர்களின் தொற்று கூடுதலாகவும், போடாதவர்களின் தொற்று குறைவாகவும் தெரியும். இந்தக் கோணலைக் குறைக்கத்தான் 'நெகட்டிவ் வந்தவர்களோடு ஒப்பிடும்' முறையைப் பயன்படுத்துகிறோம்: ஒரே மாதிரி அறிகுறியோடு பரிசோதனைக்கு வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களில் பாசிட்டிவ் வந்தவர்கள், நெகட்டிவ் வந்தவர்கள் ஆகிய இரு பிரிவிலும் ஊசி போட்டவர்கள் எத்தனை பங்கு என்று பார்ப்பது. இரு பிரிவினரும் மருத்துவரைத் தேடி வந்தவர்கள் என்பதால் அந்த வேறுபாடு பெருமளவு சமனாகிவிடும். இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் தடுப்பூசி ஆய்வுகளில் இது முன்பே பழக்கத்தில் இருந்த முறை; மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வும் இப்படித்தான் நடந்தது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து விகிதத்தைப் பார்க்காமல் விடுவது இன்னொரு கோளாறு. 2021-ஆம் ஆண்டின் இரண்டாம் அலையின்போது தமிழ்நாட்டுக் காவல்துறையினரிடம் நடந்த ஆய்வு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மொத்தம் 1,17,524 பேர். அவர்களில் 67,673 பேர் இரு தவணையும், 32,792 பேர் ஒரு தவணையும் போட்டிருந்தார்கள்; 17,059 பேர் ஊசியே போடவில்லை. கோவிடால் இறந்தவர்கள் 31 பேர். அவர்களில் 11 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஒரு தவணையேனும் போட்டவர்கள். இந்த ஒரு வரியை மட்டும் அலைபேசியில் அனுப்பினால் பார்ப்பவர் கதிகலங்கிப்போவார். முழுக் கணக்கு வேறு கதை சொல்கிறது: ஊசி போடாத 17,059 பேரில் 20 மரணங்கள், ஆயிரத்துக்கு 1.17, இரு தவணை போட்ட 67,673 பேரில் 4 மரணங்கள், ஆயிரத்துக்கு 0.06. இரண்டையும் ஒப்பிட்டால் இரு தவணையின் பாதுகாப்பு 95 சதவீதம். இதுவும் குறையற்ற கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். குலுக்கல் முறையில் பிரிக்காத குழுக்கள் என்பதால், ஊசி போடாமல் இருந்தவர்களில் ஏற்கெனவே உடல்நலம் குன்றியவர்கள் கூடுதலாக இருந்திருக்கக்கூடும். அது ஊசியின் பெருமையைக் கொஞ்சம் மிகைப்படுத்தும். ஆயினும் ஊசி போட்டவர்கள் பெரும்பான்மையாகிவிட்ட எந்தச் சமூகத்திலும், நோயாளிகளிலும் அவர்கள் கணிசமாக இருப்பார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

ஒப்பீட்டுக் குழு காலப்போக்கில் மாறிவிடுவது இவற்றையெல்லாம்விடச் சிக்கலானது. 2020-இல் 'ஊசி போடாதவர்' என்றால் அவருக்கு இந்த வைரஸ் புதிது. 2022-க்குப் பிறகு 'ஊசி போடாதவர்' என்பவர் பெரும்பாலும் ஒருமுறையோ இருமுறையோ தொற்றுக்கு ஆளாகி, அதன்வழி எதிர்ப்பாற்றல் பெற்று, உயிரோடு இருப்பவர். அவரோடு ஒப்பிடும்போது ஊசியின் திறன் குறைந்து தெரிவது இயல்பு. ஊசி மாறாமலே எண் சரியும். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் தன் ஊழியர்கள் 51,000 பேரை வைத்துச் செய்து 2023-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி உங்களுக்கும் யாரேனும் அனுப்பியிருக்கலாம். முன்பு எத்தனை தவணை அதிகமாகப் போட்டிருந்தார்களோ அத்தனைக்குத் தொற்றும் அதிகமாக இருந்தது என்று அதில் ஒரு வரைபடம் உண்டு. "ஊசியால்தான் தொற்று" என்ற முடிவோடு அது பல மாதம் உலாவிற்று. குறைவாகப் போட்டவர்கள் பதிவாகாத தொற்றுகளால் பாதுகாப்புப் பெற்றிருக்கலாம். அதிகம் போட்டவர்கள் அதிகம் பரிசோதித்திருக்கலாம். பழைய வடிவத்துக்கே பழகிய எதிர்ப்பாற்றல் புதிய திரிபுக்கு மெதுவாக ஈடுகொடுக்கிறது என்பதும் ஆராயப்படுகிற ஒரு சாத்தியம்தான், அதை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அந்த ஆய்வு இவற்றில் எது காரணம் என்று நிறுவவில்லை. எண்ணியது தொற்றை மட்டுமே, கடும் நோயை எடைபோடவில்லை. அதே ஆய்வில், ஒமைக்ரானுக்கேற்ப மாற்றிய புதிய பூஸ்டர் போட்டவர்களுக்குத் தொற்று 30 சதவீதம் குறைந்திருந்தது என்ற செய்தியும் இருக்கிறது. அதை யாரும் அனுப்புவதில்லை.

மறுதொற்று என்ற சொல்லையும் ஆய்வாளர்கள் கவனமாகவே கையாள்கிறார்கள். குணமான பிறகும் சிலருடைய மூக்கில் வைரஸின் மரபுப்பொருள் துணுக்குகள் வாரக்கணக்கில் தங்கி, ஆர்.டி.பி.சி.ஆர் சோதனையில் பாசிட்டிவ் காட்டும். அது புதிய தொற்று ஆகாது. மரபணு வரிசையை ஒப்பிட்டு உறுதிசெய்த முதல் மறுதொற்று 2020 ஆகஸ்டில் ஹாங்காங்கில் அறிவிக்கப்பட்டது: 33 வயது ஆண், முதல் தொற்றுக்கு 142 நாட்கள் கழித்து வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது விமான நிலையச் சோதனையில் பிடிபட்டார், இரண்டாம் முறை அவருக்கு அறிகுறியே இல்லை. எல்லாருக்கும் மரபணுச் சோதனை செய்ய முடியாதாகையால், பல நாடுகளில் 90 நாள் இடைவெளியை எல்லையாக வைத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் 102 நாட்கள் என்று வைத்துப் பார்த்து, 1,300 பேரில் 58 பேருக்கு, அதாவது 4.5 சதவீதம், மறுதொற்று இருக்கலாம் என்று 2021-இல் எழுதினார்கள். ஒமைக்ரான் வந்தபின் அந்த நிலை மாறியது. தென் ஆப்பிரிக்காவின் பதிவுகளில் பீட்டா, டெல்டா அலைகளில் கூடாத மறுதொற்று அபாயம் ஒமைக்ரானில் தெளிவாகக் கூடியது. உங்களுடைய 14 மாத இடைவெளி எந்த வரையறைப்படியும் மறுதொற்றே.

இப்போது உங்கள் உறக்கத்தைக் கெடுத்த "இரண்டு மடங்கு மரணம்". இது அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவப் பதிவேடுகளை வைத்துச் செய்து 2022 நவம்பரில் வெளியான ஆய்வு. மறுதொற்று வந்தவர்களில் மரண அபாயம் 2.17 மடங்கு, மருத்துவமனையில் சேரும் அபாயம் 3.32 மடங்கு என்பது அதன் முடிவு. இங்கேயும் யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். ஒருமுறை தொற்று வந்து, அதன்பின் மறுபடி வராதவர்களோடு. அதாவது, மறுபடி நோய்வாய்ப்பட்டவர் மறுபடி நோய்வாய்ப்படாதவரைவிட அதிகம் பாதிக்கப்படுகிறார் என்று அந்த ஆய்வு சொல்கிறது. இரண்டாவது தொற்று முதல் தொற்றைவிடக் கொடியது என்று அது சொல்லவில்லை. செய்தித் தலைப்புகளைப் படித்த பலரும் இந்த இரண்டாவது பொருளைத்தான் கொண்டார்கள். மேலும், அந்தத் துறையில் சிகிச்சை பெறுவோர் பெரும்பாலும் வயது முதிர்ந்த ஆண்கள், ஏற்கெனவே பல நோய்களோடு இருப்பவர்கள். அவர்களிலும் வீட்டிலேயே லேசாக வந்துபோன மறுதொற்று பதிவேட்டுக்கு வந்திராது. மருத்துவமனைவரை வந்தவையே பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஆய்வு தவறு என்று நான் சொல்லவரவில்லை. மறுதொற்றைத் தவிர்ப்பது நல்லது என்பதற்கு அது சரியான ஆதாரம். அதற்குமேல் அதன்மேல் ஏற்றிய சுமை அதனுடையதன்று.

இரண்டாவது முதலாவதைவிடக் கொடியதா என்ற கேள்விக்கு நேராகப் பதில் தேடியது கத்தார் நாட்டு ஆய்வு. 2021-இல் வெளியான அதில், மறுதொற்றுகள் மருத்துவமனை அனுமதியிலோ மரணத்திலோ முடியும் வாய்ப்பு முதல் தொற்றுகளைவிட 90 சதவீதம் குறைவாக இருந்தது. இதைப் படித்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குமுன் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: கத்தார் மக்கள்தொகையில் 50 வயதைக் கடந்தவர்கள் சுமார் 9 சதவீதமே; பெரும்பாலோர் வேலைக்கு வந்த இளவயதினர். உங்களுக்கு இந்த ஆய்வு ஓரளவு பொருந்தும். உங்கள் அம்மாவுக்கு அமெரிக்க முதியவர்களின் பதிவேடே நெருக்கமானது. ஒரு வீட்டிலுள்ள இருவர் ஒரே கேள்விக்கு இருவேறு ஆய்வுகளைப் பார்க்கவேண்டி வருவது இதனால்தான்.

தொற்றினால் வரும் எதிர்ப்பாற்றலா, ஊசியினால் வருவதா என்ற வாதத்தில் இரு தரப்புக்கும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முன்பு தொற்று வந்தது, மறுபடி தொற்று வராமல் டெல்டாவுக்கு எதிராக 92 சதவீதமும், ஒமைக்ரானுக்கு எதிராக 56 சதவீதமும் காத்தது என்று கத்தாரின் மற்றோர் ஆய்வு 2022-இல் காட்டியது. ஒமைக்ரானின் கடும் நோய்க்கு எதிராக அது 87.8 சதவீதம். 19 நாடுகளின் 65 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2023-இல் வெளியான தொகுப்பாய்விலும் இதே போக்குத்தான்: ஒமைக்ரான் மறுதொற்றுக்கு எதிரான பாதுகாப்பு 40 வாரத்தில் 36 சதவீதமாகத் தேய்ந்திருந்தபோதும், கடும் நோய்க்கு எதிரானது 89 சதவீத அளவில் நின்றது. தொற்று தரும் பாதுகாப்பு ஊசி தருவதற்குக் குறைந்ததில்லை என்று உங்கள் கொழுந்தன் சொன்னால், அந்த அளவில் அவர் சொல்வதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் இந்த ஆய்வுகளில் இடம்பெற்ற எல்லாரும் முதல் தொற்றிலிருந்து பிழைத்தவர்கள்; அதில் இறந்தவர்கள் இரண்டாம் தொற்றின் கணக்கில் எப்படி வருவார்கள்? அந்தப் பாதுகாப்புக்குக் கொடுத்த விலையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு அதன் மதிப்பை மட்டும் பேசுவது நேர்மையாகாது. ஊசி, தொற்று இரண்டும் சேர்ந்தவர்களுக்கு, அதாவது உங்களைப் போன்றவர்களுக்கு, பாதுகாப்பு இன்னும் வலுவானது. ஓராண்டுக்குப் பிறகும் ஒமைக்ரானின் கடும் நோய்க்கு எதிராக 97 சதவீதம் என்றும், மறுதொற்றுக்கு எதிராக 42 சதவீதம் என்றும் மற்றொரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது.

ஆன்டிபாடி பரிசோதனைக்குச் செலவிட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ரத்தத்தில் உள்ள அளவு இத்தனை என்றால் இத்தனை மாதம் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க, எல்லாரும் ஏற்ற எல்லைக்கோடு எதுவும் இல்லை. ஒரு ஆய்வகத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவதும் கடினம். சோதனையின் வகையும் குழப்பும்: வைரஸின் உட்புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் சோதனையில், கூர்ப்புரதத்தை மட்டும் கொண்ட ஊசி போட்டு, தொற்று வந்திராதவருக்கு 'இல்லை' என்றே வரும். அம்மாவுக்கு எண் உயரமாக வந்தால் அசட்டையும், தாழ்ந்து வந்தால் கலக்கமும்தான் மிச்சம்; நினைவணுக்களைப் பற்றி அந்தச் சோதனை எதையும் சொல்லாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் ஊசிக்குப் பிந்தைய எதிர்ப்பாற்றலை அளக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021-இலேயே அறிவுறுத்தியது.

அம்மாவுக்கு ஊசி போடலாமா என்றால், போடலாம், போடுவது நல்லது என்பது என் பதில். இதற்குச் சதவீதத்தைவிட அடிப்படை அபாயத்தைப் பாருங்கள். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு பூஸ்டர் கடும் நோயைப் பாதியாகக் குறைக்கிறது; ஒரு பருவத்தில் ஆயிரத்தில் 20 முதியவர்கள் மருத்துவமனையில் சேரக்கூடும், நடுவயதினரில் ஐயாயிரத்தில் ஒருவர் சேரக்கூடும். பாதியாகக் குறைத்தால் முதியவர்களில் ஆயிரத்துக்குப் பத்துப் பேர் தப்புகிறார்கள். நடுவயதினரில் ஒருவரைக் காக்கப் பத்தாயிரம் பேருக்கு ஊசி போடவேண்டும். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை, ஆய்வில் வந்தவை இல்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023 மார்ச்சில் தன் பரிந்துரையை மாற்றியபோது பின்பற்றிய வழி இதுவே. முதியவர்களுக்கும், சர்க்கரை நோய் போன்ற நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் கடைசித் தவணைக்கு 6 அல்லது 12 மாதம் கழித்து மேலும் ஒரு பூஸ்டர் என்று அது அப்போது சொன்னது. நலமாக உள்ள நடுவயதினருக்கு முதல் பூஸ்டருக்குமேல் வழக்கமாகத் தேவையில்லை என்றது. எந்த ஊசிக்கும் பக்கவிளைவு உண்டு, ஃபைசர் போன்ற எம்.ஆர்.என்.ஏ வகை ஊசிகளால் அரிதாக இதயத்தசை அழற்சி வரலாம் என்பது உண்மை, அது பெரும்பாலும் இளைஞர்களிடம் காணப்பட்டது. அம்மாவின் வயதில் தராசு தெளிவாக ஊசியின் பக்கமே சாய்கிறது. அவருக்கு அண்மையில் தொற்று வந்திருந்தால் மூன்று மாதம் பொறுக்கலாம். தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு முதல் சில மாதங்களில்தான் மிகுதி என்பதால், நோய் பரவும் பருவத்துக்குச் சற்று முன்பாகப் போடுவது பலன் தரும். ஆண்டுதோறும் போடும் இன்ஃப்ளூயன்சா ஊசியையும் இதோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கோ, இப்போதைக்கு அவசரமில்லை. போட்டுக்கொண்டால் சில மாதங்களுக்குத் தொற்றும், அதன்வழி அம்மாவுக்குப் பரவும் வாய்ப்பும் ஓரளவு குறையும். போடாமல் விட்டால் பெரிய தவறு செய்துவிட்டதாக நினைக்கவேண்டியதில்லை. காய்ச்சல் வந்தால் அம்மாவோடு இருக்கும்போது முகக்கவசம் அணிவதும், சன்னல்களைத் திறந்துவைப்பதும் உதவும்.

ஊசி போட்டபின்னும் அம்மாவுக்குக் காய்ச்சலோ இருமலோ வந்தால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றே பரிசோதியுங்கள். வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளை அறிகுறி தொடங்கிய 5 நாட்களுக்குள் தொடங்கினால்தான் பயன் உண்டு. அவற்றில் முக்கியமான நிர்மட்ரெல்விர்–ரிடோனாவிர், கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடும் வேறு பல மருந்துகளோடும் ஒத்துப்போகாது. சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அதன் அளவையும் குறைக்கவேண்டியிருக்கும். எனவே மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அம்மா போட்டுக்கொண்ட ஊசிகளின் பெயர், தேதி, தொற்று வந்த மாதங்கள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனை), சர்க்கரை அளவுகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறான குழப்பமோ மயக்கமோ தெரிந்தாலோ, இந்தத் தாளோடு நேரே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.